தொண்ணூற்றொன்பது

பரமட்டாவில், தண்டவாளத்தைப் பார்த்த மூன்றாம் மாடியில்
மணிக்கூலிக்கு வினாக்கொத்து நிரப்புகிறவள் நான்.

பன்னிரண்டாம் கேள்வி:
கடந்த நான்கு வாரங்களில்
எத்தனை தடவை தனிமையாக உணர்ந்தீர்கள்?
ஒன்று என்றால் ஒருபோதுமில்லை,
ஐந்து என்றால் எப்போதும்.

அந்த ஒரு சொல்லுக்கே மூன்று கூட்டம் நடந்தது.
என் 'தனிமை'யை மெல்பேர்னிலிருந்து நிருபராஜ்
திரும்பவும் ஆங்கிலமாக்கி அனுப்பியபோது
அது 'அமைதி' ஆகியிருந்தது.
வீட்டில் நாலு பிள்ளைகள் அவருக்கு,
குறை சொல்ல முடியாது.
ஒருவருமில்லை என்று படுவது
என எழுதி ஒப்பேற்றினோம்.

எழுமாற்றாக விழுந்த நூற்றிப் பன்னிரண்டு கதவுகள்.
டுங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வேர்த்வில்.
பெயர் எழுதக் கூடாது, நெறிமுறைக் குழுவின் கட்டளை.
ஆகவே என் நினைவில் அவர்கள் எண்கள்தான்.

பதினேழு,
மின்வேலைக்காரர், சிரித்தார்:
"அடுத்த கேள்வியைக் கேளும் தங்கச்சி."
நாற்பத்தொன்று எழுந்து போய்
எரியாத அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.
எண்பத்தெட்டு ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு மாண்டரினை உரித்தார்,
நார் நாராக, நெடுநேரம்.
பாதியை என் பக்கம் தள்ளினார்.
வெளியே யாரோ குப்பைத்தொட்டியை உருட்டிப் போனார்கள்.

பதில் இல்லையென்றால் 99 போடு என்கிறது கையேடு.
மூன்று இடத்தில் போட்டேன்.

ஜூலை மாதம், மழை,
ப்ரொன்வின் திரையைத் திருப்பிக் காட்டினாள்:
சராசரி 4.99.
"ஒரு சமூகமே!" என்றாள், கை வாயைப் பொத்தியது.
தலைப்புக்கூட யோசித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

ஐந்துக்கு ஒரு நூலிழை குறைவு.
எல்லா வீட்டிலும் எல்லாரும்
ஏறக்குறைய எப்போதும்.
எனக்கு அது நம்பக்கூடியதாக இருந்ததுதான்
இப்போது உறுத்துகிறது.

திட்ட விலக்கம்தான் காட்டிக்கொடுத்தது:
ஐந்தே படிகள் உள்ள ஏணியில்
பதினைந்துக்கு மேல் எப்படி வரும்?
தேடினோம்.
மௌனம் என்று குறித்துவைத்த தொண்ணூற்றொன்பதை
பாரம் என்று எண்ணிக் கூட்டியிருந்தது கணினி.
மூன்று பேர் வாய் திறக்காமலே
நூற்றியொன்பது பேரையும் இழுத்துக்கொண்டு
உச்சிப் படிவரை ஏறியிருந்தார்கள்.

ஒரு வரிக் கட்டளை.
விடுபட்டவை என்று அறிவித்தோம்.
சராசரி 2.40க்கு இறங்கிப் படுத்தது.
'அரிதாக'வுக்கும் 'சிலவேளை'க்கும் நடுவே,
கௌரவமான இடம்.
ப்ரொன்வின் தேத்தண்ணி போட்டாள். பிழை என்னுடையதல்ல என்றாள்.

பிழைதான், தெரியும்.
வகுப்பில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.
ஆனாலும் அந்த ஒரு பிற்பகல்
அந்தத் திரையில்
அவர்களுக்கு இருந்த எடையை
நான் மட்டும் பிழை என்று சொல்லத் தயங்கினேன்.

அறிக்கையின் அடியில் சிறிய எழுத்தில்:
மூவர் பதிலளிக்கவில்லை.
நான்தான் தட்டச்சு செய்தேன்.
பிறகு 'பதிலளிக்கவில்லை'யை அழித்தேன்,
வேறு சொல் தேடினேன்,
ஐந்து மணி ரயிலுக்கு நேரமாக
அதையே திரும்பப் போட்டேன்.

மேடையில் குளிர். மேலங்கிப் பைக்குள் கைவிட்டால்
காய்ந்த விதைகள், ஐந்தோ ஆறோ.
எண்ணவில்லை.