தூங்குகிறவள்

ஒன்பது இருபதுக்கு வண்டி.
பழைய பஸ் ஸ்டாண்டுக்குள் அது திரும்பும்போதே
கூட ஓடி
ஜன்னல் வழியாகக் கைக்குட்டை எறிந்து
இடம் பிடிக்கத் தெரிந்தவள் நான்.
வேறு வித்தை ஒன்றும் தெரியாது.

காலை பத்திலிருந்து நிற்கிறேன்,
கடைவீதியில், இரண்டாம் மாடியில்,
‘இதிலயே பச்சை எடுக்கட்டுங்களா’ என்றபடி.
சட்டம் வந்த பிறகு
ஆறு பேருக்கு ஒரு ஸ்டூல் வந்தது.
அதன் மேல் ஷிபான் சேலைக் கட்டு
பொழுதுக்கும் உட்கார்ந்திருக்கிறது
மகாராணியாட்டம்.

அதனால்
முகத்தில் மட்டும் பிங்க் பூசிய இந்த வண்டியில்
சக்கரத்துக்கு மேலே, முழங்கால் இடிக்கிற அந்த சீட்டில்
உட்கார்ந்ததும்
கால் இரண்டும் என்னிடம் ஏதோ சொல்லும்.
இன்னும் கொஞ்சம் இரு என்பேன்.

உட்கார்ந்தால் மட்டும் போதாது,
காப்பாற்றவும் வேண்டும்.
கர்ப்பிணி ஏறலாம், கைக்குழந்தை ஏறலாம்,
கம்பியைப் பிடித்தபடி என் தலைக்கு மேல்
பெருமூச்சு விட ஒருத்தி எப்படியும் ஏறுவாள்.
ஆகவே கோட்டை தாண்டுமுன்
தூங்கிவிடுவேன்.
தலையை ஜன்னல் பக்கம் சாய்த்து
வாயை லேசாகத் திறந்து
பள்ளத்தில் வண்டி இறங்கும்போது
நம்பும்படி ஒரு ஆட்டம்.
ரெஜினாவுக்கு இது வராது. சிரித்துவிடுவாள்.

நேற்று
‘அக்கா, இந்தப் பையக் கொஞ்சம் வெச்சுக்கறீங்களா?’
என்றது ஒரு குரல்.

தூங்குகிறவள் பதில் சொல்லக் கூடாது.
பை வேண்டாம் என்றும் சொல்ல முடியாது.
இந்த ஊரில் பையை மறுத்தவர் யாரும் இல்லை.
கண்ணைத் திறக்காமல்
கையை மட்டும் நீட்டினேன்.

ஒரு நொடி
யாரும் ஒன்றும் பேசவில்லை.
பிறகு மடியில் பை வந்து இறங்கியது.

அடியில் தூக்குவாளி. இன்னும் சூடு.
ரசம்தான், மிளகு தூக்கல்.
பக்கத்தில் படபடவென்று ஒரு பெரிய கவர்.
இடது கண்ணை மயிரிழை திறந்து பார்த்தேன்:
ஜி.எச். எக்ஸ்ரே.
பரிமளம், 41, பெண், மார்பு.

நிற்கிறவள்தான் பரிமளமா,
கட்டிலில் யாரையோ விட்டுவிட்டு வருகிறாளா,
குடிக்காமல் திரும்புகிற ரசம் யாருடையது,
கேட்க வழியில்லை.
எழுந்து இடம் தரவும் வழியில்லை.
எழுந்தால் இத்தனை நேரம் விழித்திருந்தேன் என்றாகும்.
செருப்பு ஒன்று என் காலருகில்
இடம் மாறி இடம் மாறி ஊன்றிக்கொண்டிருந்தது.
அந்த மாற்றி ஊன்றல் எனக்குத் தெரியும்.
மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வருவது.

‘குகை இறங்கு, குகை இறங்கு.’
மடி லேசானது.
என் தோளில் விரல் படாமல் பட்டு விலகியது.
‘பாவம், அசந்துட்டாங்க.
தம்பி, கொண்டலாம்பட்டி வந்தா இந்தக்காவ எழுப்பி விட்டுருப்பா.’

என் ஸ்டாப் நெத்திமேடு.
அடுத்தது தான் அது.
எழுந்திருக்கலாம்.
ஆனால் அந்தத் தம்பி
ஒப்படைத்த வேலையை இரண்டு கண்ணாலும் செய்துகொண்டிருந்தான்.

நெத்திமேடு வந்தது.
என் வீட்டுச் சந்து முனையில்
தட்டுவடை செட் போடுகிறவர்
கேரட் துருவும் ஓசை ஜன்னல் வழியே கேட்டது.
போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்தது வெட்கக்கேடு:
நிஜமாகவே தூங்கிவிட்டேன்.

‘அக்கா. அக்கா. கொண்டலாம்பட்டி.’
எச்சிலைத் துடைத்துக்கொண்டு
‘தேங்க்ஸ்ப்பா’ என்றேன்.
அவன் இறங்கினான். எல்லோரும் இறங்கினார்கள்.

கண்டக்டர் கடைசிப் படியில் நின்று
‘எறங்கலீங்களா?’ என்றார்.
‘நெத்திமேடு’ என்றேன்.
என்னைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார்.
மறுபடி ஒரு காசில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து
‘இதேதான் திரும்பும், உட்காருங்க’ என்றார்.

நாற்பத்தெட்டு சீட்டும் காலி.
எதில் உட்காருவது என்று
கொஞ்ச நேரம்
நின்றுகொண்டிருந்தேன்.