ஹாரனுக்குப் பதில்

நாமக்கல்லில் வாங்கிய இருபத்துமூன்றையும்
ஆப்பிள் அட்டைப்பெட்டியில் வைத்து
சேலத்தில் பஸ் ஏறினேன்.
உள்ளே என்ன என்றார் கண்டக்டர்.
குஞ்சு.
கோழியா?
வான்கோழி.
லக்கேஜ் கிழித்தார்.
பதினோராவது கொண்டை ஊசி வளைவில்
மூடியைத் தூக்கிப் பார்த்தேன், ஒன்று செத்திருந்தது.
அதற்கும் சேர்த்துத்தான் டிக்கெட்.

கோழிக்குஞ்சுக்கு வந்ததுமே வாய் தெரியும்.
இதற்குத் தெரியாது.
தீனித் தட்டின் மேலேயே நின்றுகொண்டு
பட்டினி கிடக்கும்.
அருளப்பன் மகனிடம் பச்சைக் கோலிக்குண்டு நாலு
கடன் வாங்கித் தீனியில் புதைத்தேன்.
மினுக்குவதைக் கொத்தப் போய்
மிச்சத்தைத் தின்னப் பழகின.
நானும் இந்த இரண்டு ஏக்கருக்கு
அப்படித்தான் வந்தேன்.

தண்ணீர்க் கிண்ணத்தில் முங்கி இரண்டு,
ஆடி மாதச் சாரலில் ஒன்று,
மரநாய்க்கு இரண்டு.
பதினேழு தேறின.
காப்பிச் செடிக்கு அடியில் வெட்டுக்கிளி,
உதிர்ந்த கொய்யா, மிளகுக்கொடித் தளிர்
எதையும் விடவில்லை.
கொட்டகை கட்டியது வீண்.
இருட்டினால் சவுக்கு மரத்தில் ஏறிக்கொண்டு
நனைந்த குடைகள் மாதிரி தொங்கும்.
நான் கீழே டார்ச்சோடு நின்று
கெட்ட வார்த்தையில் கூப்பிடுவேன்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்ட நடையைப் பார்த்து
பெரிய சேவலுக்குத் தாசில்தார் என்று பேர் வைத்தவள்
களையெடுக்க வரும் சடைச்சி.
குக்கர் விசில், கோயில் மணி, கோடாலி வெட்டு,
அவள் தும்மல்
எல்லாவற்றுக்கும் அது பதில் சொல்லும்.
முதலில் அது, பிறகு மற்றவை ஒரே குரலில்.
நாலு மணி பஸ் வளைவில் ஹாரன் அடித்தால்
எங்கள் மேடு முழுக்கக் கலகலக்கும்.

டிசம்பர் இருபத்திரண்டு.
அஸ்தம்பட்டி ஸ்டான்லி ஜீப்பில் வந்தார்,
கையில் தொங்கு தராசு. ஆறு சேவல்.
தலைகீழாகப் பிடித்ததும் சத்தம் நின்றுவிடுகிறது.
சிவந்திருந்த கழுத்து
மெல்ல நீலத்துக்குப் போகிறது.
ஏழு கிலோ எண்ணூறு. ஏழரை என்று எழுதினார்.
முந்நூறு கிராமுக்குப் பத்து நிமிஷம் சண்டை போட்டேன்.
மூன்றாவதாக நிறுத்தது தாசில்தாரை.
நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.
வேறு யார் கைக்கும் அது வராது.

ஜீப் முதல் வளைவில் ஹாரன் அடித்தது.
மேட்டில் நின்ற நாலும் கழுத்தை நீட்டிக் கத்தின.
ஜீப்புக்குள்ளிருந்தும் பதில் வந்தது.
அடுத்த வளைவு. மறுபடி.
அதற்கடுத்தது, கொஞ்சம் கம்மியாக.
எவ்வளவுக்கா வந்துச்சு என்றாள் சடைச்சி.
கையில் நோட்டு இருந்தது.
எண்ணிக்கொண்டிருந்தது வளைவுகளை.

நாலு மணிக்கு பஸ் வந்தது.
ஹாரன் அடித்தது.
நாலும் தலையைத் தூக்கின.
யாரும் தொடங்கவில்லை.
பஸ் திரும்பி, புழுதி அடங்கி,
டிரைவர் டீ குடிக்க இறங்கிய பிறகு
நாலில் சின்னது
உடைந்த தொண்டையில் ஒருதரம் சொல்லிப் பார்த்தது.

இருபத்தாறாம் தேதி ஸ்டான்லி போன் பண்ணினார்.
இரைப்பையைக் கீறினால் கோலிக்குண்டு, பச்சை,
அதுவும் எடையில சேர்ந்திருக்கே மேடம் என்று சிரித்தார்.
கழுவி அனுப்பி வையுங்கள் என்றேன்.
மூன்றுதான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.
பையன் தினமும் கேட்கிறான்.