நிகர எடை

வேலந்தாவளம் எடைமேடையில் ராத்திரி வேலை எனக்கு.
வெங்காயம், கோழித்தீவனம், எம்-சாண்ட்.
லாரி ஏறும், எண் நடுங்கும், நிற்கும்.
சரக்கோடு ஓர் எடை, வெறும் வண்டி ஓர் எடை,
கழித்தால் நிகரம்.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
போனில் ரேடியோ தேடுவேன்.

ரேடியோ என்று தேடுகிறவனுக்கு
ரேடியோ மலிவாய்க் கிடைக்காது.
ரேடொயோ என்று தேடணும்.
ரோடியோ, ரேடியா, பழைய பாட்டுப்பெட்டி.
ஓர் எழுத்துப் பிழைக்கு முந்நூறு ரூபாய் குறையும்.
முன்பக்கப் படம் இல்லாவிட்டால் இன்னும் நூறு.
ஓடுமா தெரியாது என்று எழுதுகிறவர் நல்ல மனுஷர்.
கண்டிஷன் சூப்பர் என்று போட்டிருந்தால்
உள்ளே எலி குட்டி போட்டிருக்கும்.

முழு எண்ணில் கேட்கக் கூடாது.
முதல் நாளே கேட்கவே கூடாது;
விலையை ஏற்றிவிட்டுத் தூங்கப் போகிற முட்டாள்தனம் அது.
கடைசி ஏழு நொடிதான் ஏலம்.
இதெல்லாம் தோற்றுத் தோற்றுத் தெரிந்தது.
ஆறு ரேடியோக்களை என்னிடமிருந்து பறித்தவன் பெயர்
வால்வு பாலன்.
முகமும் தெரியாது, ஊரும் தெரியாது.

அந்த வாரம் வந்தது ஒரு மர அலமாரி.
சின்னது, கண்ணாடி உண்டு,
கொழிஞ்சாம்பாறையில் நேரில் எடுத்துக்கொள்ளவும்.
படம் பின்பக்கம் மட்டும்.
அட்டையில் வரிசையாய்த் துளைகள்.
துளைக்குள், ஒட்டடைக்குள்,
மங்கலாய் ஒரு கண்ணாடிக் குமிழின் தோள்.
அலமாரிக்கு எதுக்குய்யா வால்வு?

ஞாயிறு ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு முடிகிறது.
எங்கள் கேபினில் ஜன்னலோரம் கேரள டவர்,
கதவோரம் தமிழ்நாடு.
ஸ்டூலை நகர்த்தினால் போதும்,
கேரளத்திலேக்கு ஸ்வாகதம் என்கும் போன்.
முப்பத்தொன்பதுக்கு ஒரு கப்பக்கிழங்கு லாரி ஏறி
ஹாரன் அடிக்கிறது.
இருங்கண்ணா, எடை இன்னும் நிக்கலை என்றேன்.
அது எப்பவோ நின்றிருந்தது.
ஆறு நொடி.
ஆயிரத்து நூற்று அறுபத்தேழு.
சுற்றுகிறது.
ஒரு டவர் போய் இன்னொரு டவர் வருகிறது.
சுற்றுகிறது.
பாலன் ஆயிரத்து நூற்று அறுபதில் நின்றுவிட்டான்!
லாரிக்காரரிடம் காசு வாங்க மறந்துபோனேன்.

திங்கட்கிழமை மொபெட்டில் போனேன்.
செக்போஸ்ட்டைத் தாண்டியதும்
கடைப்பலகை எழுத்தெல்லாம் உருண்டுவிடும்.
மேல்பையில் ஐநூறு ரூபாய் தனியாய் மடித்திருந்தது.
என்ன விற்கிறோமென்று தெரியாமல் விற்றவருக்கு,
மனசு உறுத்தினால் கொடுக்க.
உறுத்தாவிட்டால்
கொடுக்க வேண்டாமென்றும் தீர்மானித்திருந்தேன்.

தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள் ஜெசிந்தா.
அலமாரிக்கு வந்தேனுங்க என்றேன்,
முகத்தை மந்தமாய் வைத்துக்கொண்டு.
உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள்.
முன்பக்கம் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தது.
நாலு திருகும் பளபளவென்று.

ரேடியோவக் கெட்டியாக் கட்டிக்கங்க, ரோடு மோசம்.

ரேடியோ என்றாள்.

போன மாசம் ரேடியோன்னுதான் போட்டேன்.
நானூறுக்கு மேல ஒருத்தரும் ஏறலை.
அலமாரின்னு போட்டேன்,
உங்களாட்டம் ரெண்டு பேரு
நடு ராத்திரி முழிச்சிருந்தீங்க.

அப்ப அந்த ஒட்டடை?

அது இருந்தாத்தானே உங்களுக்கெல்லாம் நம்பிக்கை.

ஐநூறு ரூபாய் மேல்பையிலேயே திரும்பி வந்தது.
வழியெல்லாம் கோபமா சிரிப்பா என்று
கழித்துப் பார்த்தேன், நிகரம் வரவில்லை.

ராத்திரி ரெண்டு மணி. லாரி இல்லை.
ரேடியோவைக் கொண்டுபோய் மேடை நடுவில் வைத்தேன்.
அறுபது டன் தாங்கும் இரும்பு,
இருபது கிலோவுக்குக் கீழே எதையும் மதிக்காது.
சீட்டு அடித்தேன்.
வண்டி எண்: இல்லை.
சரக்கு: அலமாரி.
நிகரம்: பூஜ்யம்.

கேபினிலிருந்து ஒயர் இழுத்துச் சொருகினேன்.
ஒன்றுமில்லை.
கொஞ்சம் தூசி கருகும் வாசம்.
பிறகு உள்ளே எங்கோ ஒரு பச்சைக் கண்
பாதி திறந்து
என்னைப் பார்த்துக் கரகரத்தது.

அதற்குள் ஒரு வெங்காய வண்டி வந்து
வெளிச்சத்தை மேடைமேல் அடித்து ஹாரன் கொடுக்க,
கையை நீட்டித் தடுத்தேன்:
ஓரமா நிறுத்துங்கண்ணா,
எடை இன்னும் நிக்கலை.