பதினோரு தகரம்

காற்றுக்கு ரசீது கிடையாது.
மற்ற எல்லாவற்றுக்கும் இருக்கிறது:
விமானச் சீட்டு, விடுதி, ஜீப்,
பாராகிளைடர் பைக்குத் தனிக் கட்டணம்.

கேரியோ பள்ளத்தாக்கின் மேல்
நாற்பது நிமிடம் மிதந்தார் டோர்பென்.
எங்கள் பெயரைச் சொல்லித் திரட்டிய காசு
அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது.

இறங்கியது செப்கோரிரின் சோளக்கொல்லையில்.
பிள்ளைகள் வகுப்பை விட்டு ஓடினார்கள்;
படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.
மிதிபட்ட பயிருக்குக் கணக்கில் இடமில்லை.

மிச்சம், பள்ளிக் கூரைக்குப் பதினோரு தகரம்.
கேட்டது அறுபது.

நன்றிக் கடிதம் எழுத உட்கார்ந்து
மூன்று முறை கிழித்தேன்.
பிறகு மழை பிடித்துக்கொண்டது.
பதினோரு தகரத்துக்கு அடியில்
நான்காம் வகுப்பு மொத்தமும் ஒடுங்கி நின்றது,
நனையாமல்.

அன்புள்ள டோர்பென், நன்றி.
செப்கோரிர்
தன் சோளத்தைப் பற்றிக் கேட்கச் சொன்னாள்.