நாற்பது அடி

ஏற்காடு ஏரிக்கரை, காலை ஆறு.
பனி இன்னும் படகுகளை அவிழ்த்துவிடவில்லை.
சட்டைப்பையில் வேகவைத்த ஈரல்,
இடது கையில் வார்,
வாரின் முனையில் ஜாங்கிரி.
பெயர்தான் இனிப்பு.

அந்தப் பக்கம்
போஸ்ட் ஆபீஸ் ஃபிலோமினாவின் கிழட்டு லாப்ரடார்
வேலியை மோந்துகொண்டே வருகிறது.
அதற்குக் காது கேட்காது.
உலகத்தில் பகையென்றும் யாருமில்லை.

நாற்பது அடி.
ஜாங்கிரி பார்க்கிறான்.
முதுகு மயிர் ஒரு கோடாய் எழுகிறது.
தொண்டைக்குள் ஒரு லாரி
கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றுகிறது.
குரைப்புக்கு முந்தைய அந்த ஒரு நொடிக்குள்
ஈரல்.

போன மார்கழியில், அஸ்தம்பட்டியில்,
ஒரு பொமரேனியன் காதுக்கு ஏழு தையல்.
பணம் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன்.
அன்றிலிருந்து
வேறு நாய் தெரிந்தாலே என் முஷ்டி இறுகும்.
வார் இறுகும். அவன் கழுத்து இறுகும்.
சண்டைக்குச் சேதி அனுப்பியது நான்தான் என்று
தெரிய மூன்று மாதம் ஆயிற்று.

விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்துகிறேன்.
சுண்டுவிரல் மட்டும் சம்மதிக்கவில்லை.

முப்பத்தெட்டு. முப்பத்தைந்து.
லாப்ரடார் தும்முகிறது.
ஜாங்கிரி அதைப் பார்க்கிறான்,
பிறகு, யாரும் கூப்பிடாமலே,
என்னைப் பார்க்கிறான்:
எங்கே என் ஈரல்?

"இன்னைக்கு இது போதும், கெளம்புங்க"
பனிக்குள்ளிருந்து ஃபிலோமினா.
போதும்தான்.
திரும்பி நடக்கையில்
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக்குக்குப் பின்னால்
ஒரு பூனை.

பூனையைப் பற்றி நாங்கள்
இன்னும் பேச ஆரம்பிக்கவில்லை.