பிரிவு 4 (ஆ)

சுற்றறிக்கை திங்கட்கிழமை வந்தது,
சிங்களத்தில் மட்டும்.
"தமிழ்ப் பிரதி பின்னர்" என்று
ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்.
அந்த வரி தமிழில் இருந்தது.

முகாம் வரிசையில் பொறுக்கிய சிங்களம் என்னுடையது.
தண்ணீர். கூப்பன். நாளைக்கு வா.
அதை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினேன்.
மாணவர் காப்புறுதியில் திருத்தம்:
முன்னர் ஓர் இரவு ஆஸ்பத்திரியில் கிடந்தால் போதும்,
இனிமேல் இரண்டு.
நாளைக்கு வா என்பதை
இரண்டு தரம் சொல்கிறார்கள், வேறொன்றுமில்லை
என்றேன் அதிபருக்கு.
அவர் சிரிக்கவில்லை.
கோவையில் போடுங்கோ ரீச்சர் என்றார்.

முத்தையன்கட்டில் அது பாலை பழுக்கிற மாதம்.
வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும்
ஆறாம் தரத்து அபிசன்
உச்சிக் கொப்பு வரைக்கும் போனான்.
கொப்பு அவனை விட்டுவிட்டது.

ஒட்டுசுட்டானில் ஓர் இரவு,
எக்ஸ்ரே எடுக்கிறவர் லீவு.
விடிய அம்புலன்சில் முல்லைத்தீவு.
அங்கே ஓர் இரவு.
ஞாயிறு காலை கட்டில் காணாது என்று
கட்டுப்போட்ட கையோடு துண்டு வெட்டினார்கள்.

சுகிர்தமலர் இரண்டு டயக்னோசிஸ் காட்டையும்
ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு வந்தாள்.
இரண்டு இரவு, ரீச்சர், சரியாக இருக்கு.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
கணக்குப் படிப்பிக்கிறவள் நான்.

வலயத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.
தமிழ்ப் பிரதி இப்போது வந்துவிட்டதாம்,
வாசித்தே காட்டினார் அந்தத் தம்பி,
நல்ல குரல், செய்தி வாசிக்கலாம்:
*ஒரே வைத்தியசாலையில் தொடர்ச்சியாக.*
ஒன்றும் ஒன்றும் அங்கே இரண்டாகாது.
பிள்ளை ஒன்றுதானே தம்பி என்றேன்.
கை ஒன்று, முறிவு ஒன்று,
தொடர்ச்சியாகத்தான் அழுதவன்.
அந்தப் பக்கம் சத்தமில்லை.
பாலைப்பழம் தின்ற வாய்போல.

இருபத்தேழாம் திகதி ஒட்டுசுட்டான் காட்டில்.
ஏழின் காலைக் கொஞ்சம் வளைத்தால்
ஒன்றுமில்லை, இன்னொரு நாள் பின்னால் போகும்.
பேனை கையில்தான் இருந்தது.
மேசையில் மை ஒரு பொட்டு விழும்வரை
அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.
நேர்மை என்று சொல்லமாட்டேன்.
அந்த மையின் நிறம் வேறு.

சுகிர்தமலர் என் கையைப் பார்த்தபடி சொன்னாள்:
விடுங்கோ ரீச்சர்.
காசு வந்தாலும் என்ர கணக்குக்குத்தான் வரும்.
வியாழக்கிழமை லோன்காரன்
படலையில மோட்டார் சைக்கிளை நிப்பாட்டுவான்.
பிறகு, எழும்பிப் போகிறபோது:
ஓட்டோவுக்கு மட்டும் நாலாயிரம்.
அதைத்தான் யோசிச்சனான்.

விண்ணப்பத்தை அனுப்பினேன்.
"தங்கிய இரவுகள்" என்ற பெட்டிக்குள் 1 + 1 என்று எழுதினேன்.
கூட்டவில்லை.
கூட்டுவது அவர்கள் வேலை.

தமிழ்ப் பிரதி புரட்டாசியில் கைக்கு வந்தது.
அதோடு இன்னொரு சுற்றறிக்கை,
திருத்தத்துக்குத் திருத்தம்,
சிங்களத்தில்.

அபிசன் இடக்கையால் எழுதப் பழகிவிட்டான்.
வலக்கை இப்போது கட்டில்லாமல் இருக்கிறது,
முழுதாக மடங்காது.
விடை தெரிந்தால் அதைத்தான் உயர்த்துவான்,
பாதி வரைக்கும்.
பின் வாங்கில் இருப்பவர்கள்
அவன் தலை சொறிகிறான் என்று நினைக்கக்கூடும்.
எனக்குத் தெரியும்.
சொல்லு அபிசன் என்கிறேன்.