குறை எதுவும் காணப்படவில்லை

மூன்று மணி இருக்கும்.
கணைக்காலுக்குள் யாரோ மோட்டாரைப் போடுகிறார்கள்.
தோல் அசையவில்லை, விரல் நடுங்கவில்லை.
உள்ளே மட்டும்
முழங்கால் ஏறி, இடுப்பைச் சுற்றி,
நெஞ்சுக்கூட்டில் வந்து நிற்கிறது,
சைலண்டில் போட்ட போன்
பத்து மெத்தைக்குக் கீழிருந்து அழைப்பதுபோல.

முதலில் துறைமுகம் என்றுதான் நினைத்தேன்.
கொட்டாஞ்சேனையில் படுப்பவன்
கப்பல் எஞ்சின், கொள்கலன் லொறி
எதையும் குற்றம் சொல்லலாம்.
பிறகு ஃபிரிஜ்ஜைச் சந்தேகித்தேன்.
வயரைக் கழற்றிவிட்டுப் படுத்தேன்.
விடிய, வாங்கி வைத்த பாரை மீன் பழுதாகி
ரொசாந்தி இரண்டு நாள் கதைக்கவில்லை.

ஒரு டம்ளர் தண்ணீரைக்
கட்டில் சட்டத்தில் வைத்துப் பார்த்தேன்.
நான் இரைந்துகொண்டிருந்தேன்.
தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது.

"இப்ப தெரியுதா?"
அவள் உள்ளங்கை என் முதுகில்.
"இல்லையே."
"இப்ப?"
கை அப்படியே நித்திரையாகிவிட்டது.

சிரிப்பு வருகிறது எனக்கு.
பதினேழு வருஷமாக லிஃப்ட் திருத்துகிறவன் நான்.
கதவில் கைவைத்தால் போதும்,
பெயரிங் தேய்ந்ததா, கயிறு தளர்ந்ததா,
தண்டவாளத்தில் எண்ணெய் காய்ந்ததா
சொல்லிவிடுவேன்.

டொக்டர் இரத்தம் எடுத்தார்.
தைரொய்ட் சரி, சீனி சரி, பொட்டாசியம் சரி.
தலை முழுக்க வயர் ஒட்டி
ஓரிரவு படுக்கவைத்தார்கள்.
அன்றைக்கென்று அது வரவில்லை.
வராது. கம்பெனியிலிருந்து ஆள் போனால்
எந்த லிஃப்டும் ஒழுங்காகத்தான் ஓடும்.
டென்ஷனாக இருக்கலாம் என்று எழுதினார்,
அதற்கு மேல் வரியில்:
குறை எதுவும் காணப்படவில்லை.

அந்த வசனம் எனக்குத் தெரியும்.
கார்பன் தாள் வைத்து நானே எழுதியது.
பம்பலப்பிட்டி, கடல் பக்கத்து மாடிவீடு,
ஒன்பதாம் தளம், நஸ்லியா என்று ஒருவர்.
"ராத்திரியில சுவர் இரையுது."
மூன்று தடவை முறைப்பாடு.
மூன்று தடவையும் பகலில் போனேன்.
கடைசித் தடவை அவர் தேத்தண்ணி தரவில்லை.

போன வெள்ளி இரவுக் கடமை கேட்டு வாங்கினேன்.
இரண்டே முக்காலுக்கு அவர் வீட்டு நடையில்
சப்பாத்தைக் கழற்றிவிட்டு
சுவரில் முதுகு வைத்து உட்கார்ந்தேன்.
கதவிடுக்கில் அவர், தோளில் ஒரு துவாய்.
கீழே கடலோர ரயில்பாதை வெறுமையாய்.
நிறைய நேரம் ஒன்றுமில்லை.
பொய் பிடிபட்டவருடையது போல
அவர் முகம் ஆகிக்கொண்டு வந்தது.

பிறகு சுவர் இரைந்தது,
அல்லது நான்.
எது என்று பிரிக்க ஏலவில்லை.
மணி மூன்று பத்து.

"கேக்குதா?"
"ஓம்" என்றேன்.
பொய்யில்லை அது. முழுக்க உண்மையும் இல்லை.
அவர் உள்ளே போய் கேத்தலை வைத்தார்.

ரிப்போர்ட்டில் எழுதினேன்:
அதிர்வு உண்டு. காரணம் தெரியவில்லை.
மேலாளர் விஜேதுங்க சிவப்பால் வட்டமிட்டுத்
திருப்பி அனுப்பினார்.
படிவத்தில் அப்படி ஒரு பெட்டி இல்லையாம்.

இன்றும் மூன்று மணி.
கணைக்கால், முழங்கால், இடுப்பு.
ரொசாந்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.
டம்ளர் அதே இடத்தில், தண்ணீர் அசையாமல்.
தாகமாக இருந்தது.
எடுத்துக் குடித்துவிட்டேன்.